ஒரு சிட்டுக்குருவியில் தொடங்கிய கல்வி: பறவையியலாளர் ஸலீம் அலியும் நம் பிள்ளைகளும்

பொல்பிட்டியவில் பங்குனி, சித்திரை மாதங்களின் மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். கடந்த பங்குனியில் ஒருநாள் மட்டும் ஸுபஹ் தொழுகை முடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பாடசாலைக்கு அரைவாசிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களும் நனைந்த சப்பாத்துகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தரம் பத்து மாணவன் ஒருவன் மட்டும் பாடத்தைக் கவனிக்காமல் ஜன்னல் வழியே ஓயாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுப்பிக் கொப்பியைக் கேட்டேன்.

கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் ஐப்பசி மாதத்திலிருந்து திகதி போட்டு வரிசையாக எழுதியிருந்தான். சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறும் கொண்ட வாலாட்டிக் குருவி ஓயாக் கரையில் எத்தனை நின்றது, எந்தப் பாறையில் நின்றது, அன்று மழையா வெயிலா என்பதெல்லாம் அதில் இருந்தன. அன்றைய திகதிக்கு நேரே ஒன்று என்று இருந்தது. அந்தக் குருவி இமயமலைக்கும் அதற்கு அப்பாலுள்ள வடநாடுகளுக்கும் திரும்பிப் போகும் நாட்கள் இவை. எல்லாம் போய்விட்டதா, ஒன்றாவது மிச்சமா என்றுதான் அவன் மழைக்குள்ளே தேடியிருக்கிறான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று கேட்டு, வகுப்புக்கு முன்னால் அவனைக் கடிந்துகொண்டேன். கணக்கில் அவன் மிகவும் பின்தங்கியவன். பரீட்சை முடிந்ததும் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்புவதாக அவனுடைய வாப்பா ஏற்கனவே சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பெயர் மனதைக் குடையத் தொடங்கியது. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் கேள்விப்பட்டு, பின்னர் தேடிப் படித்த பெயர் அது. ஸலீம் அலி.

அவரும் கணக்கில் பின்தங்கியவர். அவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்த பிள்ளைதான்.

ஸலீம் அலி 1896 நவம்பர் 12 ஆம் திகதி பம்பாயில், சுலைமானி போஹ்ரா முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். வீட்டின் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயும் வஃபாத்தானார். தாயின் சகோதரரான அமீருத்தீன் தையப்ஜி என்ற மாமாவும், பிள்ளைப்பேறு இல்லாத ஹமீதா பேகம் என்ற மாமியும் யதீமான அந்தப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். யதீமை அரவணைப்பதன் சிறப்பை நாம் குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். ஒரு வீடு அதைச் செய்தபோது உலகத்துக்கு என்ன கிடைத்தது என்பதற்கு இந்த வாழ்க்கை ஒரு சாட்சி.

மாமா வேட்டையில் விருப்பமுள்ளவர். சிறுவனுக்கும் ஒரு சிறிய காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. பத்து வயதளவில் அதனால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினான். கையில் எடுத்துப் பார்த்தபோது அது வழக்கமாக வீட்டுக் கூரையில் நிற்கும் சிட்டுக்குருவி மாதிரி இல்லை. தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டான். மாமாவுக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் அந்த மாமாவின் பெருமை இருக்கிறது. தெரியாத கேள்வியோடு வந்த பிள்ளையை அவர் விரட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் என்ற அமைப்பு 1883 முதல் அந்நகரில் இயங்கி வந்தது. அதன் செயலாளர் மில்லார்ட் என்ற ஆங்கிலேயர். அவரிடம் அந்தக் குருவியோடு சிறுவனை அனுப்பினார் மாமா. மில்லார்ட் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் காட்டினார். பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். வாசிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். பறவையின் உடலைக் கெடாமல் பாதுகாக்கும் முறையையும் அங்கே கற்றுக்கொள்ள வழிசெய்தார். பல வருடங்கள் கழித்து எழுதிய சுயசரிதைக்கு ஸலீம் அலி வைத்த பெயரே அந்தச் சிட்டுக்குருவியின் வீழ்ச்சியைப் பற்றியதுதான்.

இதற்குப் பிறகு அவருடைய பாதை நேராகப் போயிருக்கும் என்று நினைத்தால் அது தவறு. சிறுவயதில் தீராத தலைவலி அவரை வாட்டியது. வகுப்புகள் தவறிப்போயின. சுகத்துக்காக சிந்து மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். 1913 இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தட்டுத்தடுமாறிச் சித்தியடைந்தார். கல்லூரியில் முதலாம் வருடமே சிரமமாகிப் படிப்பை விட்டார். பின்னர் பர்மாவின் தவோய் பகுதியில் குடும்பத்துக்கு இருந்த சுரங்க, மரத் தொழில்களைப் பார்க்கப் போனார். தொழில் பார்த்ததைவிட அங்குள்ள காடுகளில் பறவை பார்த்ததே அதிகம். 1917 இல் பம்பாய் திரும்பி, வர்த்தகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். அதே வேளையில் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். 1918 இல் தஹ்மினாவைத் திருமணம் செய்தார். பர்மா வியாபாரம் கடைசியில் நொடித்துப்போனது.

முப்பது வயதை நெருங்கியபோது அவர் நிலை என்ன? பெற்றோர் இல்லை. பட்டம் இல்லை. வியாபாரமும் போய்விட்டது. இந்திய விலங்கியல் ஆய்வுத் திணைக்களத்தில் பறவையியலாளர் பதவிக்கு முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அது கிடைக்கவில்லை. நம் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் நாம் என்னென்ன பேசியிருப்போம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

1926 இல் பம்பாய் நூதனசாலையில் புதிதாகத் திறந்த இயற்கை வரலாற்றுப் பிரிவில், வருவோருக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. இரண்டு வருடங்களில், இதற்குமேல் முறையாகக் கற்காமல் முன்னேற முடியாது என்று அவருக்கே புரிந்தது. லீவு எடுத்துக்கொண்டு ஜேர்மனிக்குப் போனார். பேர்லின் விலங்கியல் நூதனசாலையில் அக்காலத்தின் தலைசிறந்த பறவையியலாளரான எர்வின் ஸ்ட்ரெஸமானிடம் பயின்றார். வட கடலிலுள்ள ஹெலிகோலாந்து தீவின் பறவை நிலையத்தில், வலசை போகும் பறவைகளைப் பிடித்துக் காலில் சிறு வளையம் மாட்டி விடும் முறையையும் பழகினார். எண் பொறித்த அந்த வளையத்தோடு பறவை இன்னொரு நாட்டில் பிடிபட்டால், அது எங்கிருந்து எங்கே வந்தது என்பது தெரியவரும். நம் ஓயாக் கரையில் நிற்கும் வாலாட்டியின் ஊர் எது என்பதை உலகம் அறிந்துகொண்ட வழிகளில் அதுவும் ஒன்று.

1930 இல் நாடு திரும்பினார். வந்து பார்த்தால், பணம் இல்லை என்று அவருடைய பதவியையே நூதனசாலை ஒழித்துவிட்டிருந்தது. மறுபடியும் வேலை இல்லை.

தம்பதியர் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். செலவு குறைந்த இடம். மழைக்காலம் தொடங்கியதும் வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்ட வந்தன. வேலையில்லாத அந்த மனிதர் ஏணி வைத்து, மறைவான இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு நாள் தவறாமல் அவற்றைப் பார்த்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்.

அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு செய்தி வெளிவந்தது. ஆண் குருவி கூட்டைப் பாதிவரை கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவிகள் வந்து ஒவ்வொரு கூட்டையும் சோதிக்கும். பிடித்த கூட்டைத் தெரிவுசெய்து ஒரு பெண் குருவி குடியேறிய பின்புதான் ஆண் மிச்சத்தைக் கட்டி முடிக்கும். அது முடிந்ததும் அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி, அங்கே இன்னொரு துணையைச் சேர்க்கும். காலங்காலமாக எல்லோர் கண்ணிலும் பட்ட குருவிதான் அது. அதன் குடும்ப வாழ்க்கையை இவ்வளவு துல்லியமாக எழுதி உலகப் பறவையியலாளர்கள் மத்தியில் அவர் பெயர் பெற்றது, கையில் வேலையே இல்லாத அந்த மழைக்காலத்தில்தான்.

பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, போபால் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போனார். பெரிய சம்பளம் கேட்கவில்லை. பயணச் செலவைக் கொடுத்தால் வேலையைச் செய்து தருகிறேன் என்பதே அவருடைய நிபந்தனை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் காட்டுக்குள் போய்க் கூடாரம் அடித்துத் தங்கினார். வசதியாக வளர்ந்த தஹ்மினாவும் அந்தக் கூடார வாழ்க்கையை ஏற்றுக்கொண்டு கூடவே போனார். 1939 இல் ஒரு சிறு சத்திரசிகிச்சையைத் தொடர்ந்து தஹ்மினா இறந்துபோனார். அந்த இழப்பு அவரை உலுக்கிவிட்டது. சகோதரி கமூவும் அவருடைய கணவரும் தங்கள் வீட்டில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சிறுவயதில் மாமா வீடு தாங்கியது, நடுவயதில் சகோதரி வீடு தாங்கியது. குடும்ப உறவைப் பேணுவது எவ்வளவு பெரிய காரியத்துக்கு அத்திவாரம் இடுகிறது என்று பாருங்கள்.

1941 இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. சாதாரண மனிதர்கள் படம் பார்த்து, விபரம் வாசித்து, தங்கள் வீட்டு முற்றத்துப் பறவையை அடையாளம் காணும்படி எழுதிய நூல் அது. பதிப்பு மேல் பதிப்பாக இன்றுவரை வாசிக்கப்படுகிறது. அதன் பிறகு அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்லியுடன் சேர்ந்து தம் வாழ்நாளின் பெரும் பணியைத் தொடங்கினார். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளோடு நம் இலங்கையின் பறவைகளையும் உள்ளடக்கிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. கடைசித் தொகுதி வந்தபோது அவருக்கு வயது எழுபத்தேழு. நம் ஓயாக் கரை வாலாட்டிக்கும் அந்தத் தொகுதிகளில் இடம் உண்டு.

வலசைப் பறவைகளுக்கு அவர் செய்த சேவை தனியாகச் சொல்லவேண்டியது. ஹெலிகோலாந்தில் பழகிய வளையமிடும் முறையை, முப்பது வருடங்கள் கழித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் மூலம் பெரிய அளவில் இந்தியாவில் நடத்தினார். பறவைகள் நாடு விட்டு நாடு நோய்க் கிருமிகளைக் கொண்டுபோகின்றனவா என்று அறிய விரும்பிய உலக சுகாதார நிறுவனம் அதற்கு உதவியது. தமிழ்நாட்டில் வேதாரணியத்துக்குத் தெற்கேயுள்ள கோடியக்கரை அந்த வேலையின் முக்கிய நிலையங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1967 இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தக் கரைக்கு நேர் எதிரே பாக்கு நீரிணைக்கு இப்பால் இருப்பது நம் யாழ்ப்பாணம். வலசைக் காலத்தில் இலங்கைக்கு வருவனவும் இங்கிருந்து போவனவுமான பறவைகள் பல இந்தக் குறுகிய கடலைத்தான் தாண்டுகின்றன. கடவுச்சீட்டு கேட்கப்படாத அந்தப் பாதையின் இரு கரைகளிலும் நம் சமூகத்து மக்கள் வாழ்கிறார்கள். இறைவன் படைத்த அந்த உயிர்கள் இறங்கித் தங்க ஒரு சதுப்பு நிலம் மிஞ்சியிருக்க வேண்டுமே என்று ஒருவர் அக்கறைப்பட்டிருக்கிறார். அந்த ஒருவர் நம்மில் ஒருவர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றப் பாடுபட்டவர்களிலும் அவர் முன்னணியில் இருந்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் மின் அணை கட்டக் கூடாது என்று குரல் கொடுத்தார். அந்தக் காடு 1984 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மின்நிலையத்தால் பெயர் பெற்ற பொல்பிட்டியவில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்துக்குப் பக்கத்தில் வாழும் எங்களுக்கு மின்சாரத்தின் அருமை தெரியும். ஆற்றை மறித்தால் எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்று கணக்குப் பார்ப்பதற்கு, இழப்பது என்னவென்று அறிந்த ஒருவர் வேண்டும். ஸலீம் அலி அப்படிப்பட்டவராக இருந்தார்.

விருதுகள் பின்னர் தேடி வந்தன. 1958 இல் பத்மபூஷணும் 1976 இல் பத்மவிபூஷணும் கிடைத்தன. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பட்டம் இல்லை என்று ஒருகாலத்தில் வேலை மறுக்கப்பட்டவருக்கு அது. 1967 இல் பிரித்தானியப் பறவையியலாளர் சங்கம் தங்கப்பதக்கம் கொடுத்தது. எழுபதுகளில் கிடைத்த கெட்டி வனஜீவிப் பாதுகாப்புப் பரிசின் 50,000 டொலரையும், சிறுவயதில் தமக்குக் கதவு திறந்த அதே பம்பாய்ச் சங்கத்துக்கு இயற்கைப் பாதுகாப்பு நிதியாகக் கொடுத்துவிட்டார். 1947 இல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகு அந்தச் சங்கம் பணமில்லாமல் தத்தளித்தபோது, பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்றுக் காப்பாற்றியவரும் அவரே. 1985 இல் ராஜ்யசபா உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20 ஆம் திகதி தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். அவருடைய பெயரில் ஒரு பறவையியல் மையம் 1990 இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மார்க்க ஒழுக்கத்துக்கு முன்மாதிரியாக ஸலீம் அலியைக் காட்ட நான் வரவில்லை. அவரும் தம்மை அப்படிக் காட்டிக்கொண்டதில்லை. ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டவர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அக்காலத்தில் அதுதான் முறை. அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கண்ணால் கண்டதை உறுதிசெய்து, கூட்டாமல் குறைக்காமல் பதிந்து வைக்கும் ஒழுங்கு.

அது நமக்குப் புதிதான ஒழுங்கா? சுலைமான் நபியின் சபைக்குத் தாமதமாக வந்த ஹுத்ஹுத் பறவை, ஸபா நாட்டிலிருந்து உறுதியான செய்தியோடு வந்ததாகச் சூரா அந்நம்லில் ஓதுகிறோம். வானத்தில் சிறகு விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளை நோக்குமாறு சூரா அல்முல்க் நம்மை அழைக்கிறது. ஆதம் நபியின் மகனுக்கு மண்ணைத் தோண்டிக் காட்டியது ஒரு காகம். இவற்றை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் மனனம் செய்கிறார்கள். ஆனால் ஹுத்ஹுத் என்பது நாம் கொண்டலாத்தி என்று அழைக்கும் பறவைதான், இந்நாட்டின் வறண்ட பகுதிகளில் இன்றும் அதைக் காணலாம் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? உறுதிசெய்யாத செய்தியைக் கைபேசியில் அடுத்தவருக்குத் தள்ளிவிடும் இக்காலத்தில், ஒரு குருவியை ஆறு மாதம் பார்த்துத் திகதி போட்டு எழுதும் பிள்ளை நமக்குக் கிடைத்த அமானிதம்.

நம் மலைநாட்டில் பறவைகளைப் பற்றி எழுதியவர்களில் பலர் துரைமார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும்தான். தோட்டத்து லயன் பிள்ளைகளும் கடைவீதிப் பிள்ளைகளும் அதே பறவைகளை அவர்களைவிடக் கிட்ட நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததை எழுதிவைக்க யாரும் ஒரு கொப்பி கொடுக்கவில்லை.

மறுநாள் வகுப்புக்குப் போனதும் அந்த மாணவனிடம், முந்தின நாள் நான் பேசியது பிழை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். கணக்குப் பாடத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஸலீம் அலிகூட இந்தப் பலவீனத்தால் எத்தனை கதவுகள் மூடப்பட்டு அலைந்தார் என்பதைச் சொன்னேன். அவனுடைய குறிப்புகளை வைத்தே சராசரியும் வரைபும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். மாதத்துக்கு எத்தனை வாலாட்டி என்று அவனே வரைபு கீறினான். அவனுடைய வாப்பாவோடும் பேசினேன். கடை வேலை பற்றிய முடிவை அவர் இன்னும் மாற்றவில்லை. பரீட்சை முடியட்டும், பார்ப்போம் என்கிறார். அது அவருடைய வீட்டு நிலைமை, நான் குறை சொல்ல மாட்டேன்.

பெற்றோரிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் என்னைப் போன்ற ஆசிரியர்களிடமும் நான் கேட்பது சிறிய காரியம்தான். நம் பாடசாலை நூலகத்திலும் மத்ரஸாவிலும் இலங்கைப் பறவைகள் பற்றிய ஒரு நல்ல புத்தகம் இருக்கட்டும். தெரியாத கேள்வியோடு பிள்ளை வந்தால், தெரிந்த ஒருவரிடம் கூட்டிப்போவோம். அமீருத்தீன் மாமா செய்தது அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வாலாட்டி நாலு நாட்கள் கழித்துப் போய்விட்டது. கொப்பியில் அந்தத் திகதியும் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், புரட்டாதியோ ஐப்பசியோ அது திரும்பி வரும் நாளை எழுத, கெட்டி மட்டை போட்ட புதுக் கொப்பி ஒன்றை அவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.